அருளம்பலத்தார் வாசிக்காத கட்டம்

மொன்றியல் நகரின் லாசாலில் பிஸ்கற் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில், உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அருளம்பலத்தாருக்கு வேலை. பொதிகள் சுழலும் பட்டியில் ஒவ்வொன்றாக நகர்ந்து இயந்திரத்தின் வாய்க்குள் புகுந்து மறுபக்கம் வரும். உள்ளே ஓர் ஊசிமுனை கிடந்தாலும் அது கூவும், பட்டி நிற்கும், அவர் அந்தப் பொதியை எடுத்துச் சிவப்புக் கூடைக்குள் போடுவார். பதினாறு வருடத்தில் அது உருப்படியாகக் கூவியது ஒன்பது முறை. மிச்சக் கூவல்கள் எல்லாம் அவருடைய கைக்கடிகாரத்தைக் கண்டு கூவியவை. ஆனாலும் அந்த இயந்திரத்தின்மீது அவருக்கு இருந்த மரியாதை குறையவில்லை. சந்தேகப்படுவதும் ஒரு பொறுப்பான தொழில்தான் என்பது அவருடைய கருத்து.

ஆனால் மொன்றியல் தமிழர் அவரை அறிந்தது பிஸ்கற்றால் அல்ல, பட்டிமன்றத்தால். சித்திரை வருடப்பிறப்போ, பொங்கலோ, கோயில் மண்டபத்தில் நாலு கதிரையும் ஒரு ஒலிவாங்கியும் போட்டால் ஒரு பக்கக் கதிரையில் அருளம்பலத்தார் இருப்பார். எந்தப் பக்கம் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எவரும் எடுக்க விரும்பாத பக்கத்தை அவரிடம் தள்ளிவிடலாம் என்பது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியும். கூட்டுக் குடும்பமே சிறந்தது என்று வீட்டில் ஏழு பேரை வைத்துக்கொண்டு மனம் நொந்திருந்த காலத்தில் பேசி வென்றார். ஏழு பேரும் வெவ்வேறு வீடுகளுக்குப் போன பிறகு, தனிக் குடும்பமே சிறந்தது என்று தனிமையில் வாடியபடி பேசி வென்றார். தான் சொல்வதைத் தான் நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேச்சாளனுக்குச் செய்யும் அநியாயம் என்று மனைவி சிவநேசத்திடம் சொல்வார்.

“அப்ப என்னட்டைச் சொல்லுறதும் உப்பிடித்தானோ?” என்று சிவநேசம் கேட்பார்.

“உம்மோடை நான் எப்ப வாதாடி வெண்டனான்?”

எதிர்ப்பக்கக் கதிரையில் வழக்கமாக இருப்பவர் இரவிச்சந்திரன். செயின்ட்-மிஷேலில் டெப்பனர் கடை வைத்திருப்பவர். பால், பியர், லொத்தர் சீட்டு விற்கும் மூலைக்கடை. தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். அருளம்பலத்தாரை விட எட்டு வயது இளையவர். 2003 பெப்ரவரியில் ஈராக் போருக்கு எதிராக நகரமே தெருவில் இறங்கியபோது, கடையை மூன்று மணித்தியாலம் பூட்டிவிட்டு ஊர்வலத்தில் நடந்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து அது பகலில் பூட்டியிருந்தது அன்றைக்கு மட்டும்தான். பனிக்குளிரில் வலது காது மரத்துப்போய் ஒரு கிழமை சிவந்திருந்தது.

“இந்தக் குளிரிலை நடந்ததைக் கண்டு அமெரிக்கன் பயப்பிட்டானோ தெரியாது,” என்றார் அருளம்பலத்தார். “உம்மடை காது பயந்திட்டுது.”

“சிரியுங்கோ அண்ணை. நாளைக்குச் சந்தேகத்திலை பொலிஸ் வந்து உங்கடை வீட்டுக் கதவைத் தட்டேக்கை தெரியும்.”

“தட்டினால் திறப்பன். தேத்தண்ணியும் குடுப்பன்.”

அந்தச் சித்திரைப் பட்டிமன்றத்துக்கு வைத்த தலைப்பு: ‘இன்றைய உலகுக்குத் தேவை நாட்டின் பாதுகாப்பா, தனிமனிதச் சுதந்திரமா?’ மண்டபத்தில் பாதிப்பேர் ஊர்வலத்தில் போனவர்கள். பாதுகாப்புப் பக்கம் பேச ஆள் இல்லை. வழக்கம்போல் அருளம்பலத்தாரிடம் வந்தார்கள்.

“நடுவர் அவர்களே, நான் வேலை செய்யிற இடத்திலை ஒரு நாளைக்கு இருபதாயிரம் பிஸ்கற் பொதி பரிசோதனைக்குப் போகுது. இண்டைவரைக்கும் ஒரு பொதிகூட ‘என்னை ஏன் சந்தேகப்படுறாய்’ எண்டு கேட்டதில்லை. தான் நல்ல பிஸ்கற் எண்டு அதுக்குத் தெரியும்,” என்று தொடங்கினார். மண்டபம் சிரித்தது. “அமெரிக்காவிலை புதுச்சட்டமாம், நூலகத்திலை ஆர் என்ன புத்தகம் எடுத்தது எண்டு பாக்கலாமாம். பாக்கட்டும். நான் எடுத்தது முழங்கால் வலிக்குப் பயிற்சி சொல்லுற புத்தகம். நாலு வருசமாய்த் திருப்பிக் குடுக்கேல்லை. கண்டுபிடிச்சால் நூலகத்துக்குத்தான் லாபம்.”

இரவிச்சந்திரன் எழுந்தார். “நடுவர் அவர்களே, பிஸ்கற்றுக்கு அண்ணன் தம்பி இல்லை. எனக்கு இருக்கினம். என்னைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ. மற்றவனைப் பற்றி மற்றவனிட்டைக் கேளுங்கோ. ஒருத்தனைப் பற்றி இன்னொருத்தனிட்டைக் கேக்கத் தொடங்கின நாட்டிலை இருந்துதான் நாங்கள் எல்லாரும் ஓடி வந்தனாங்கள்.”

கைதட்டல் பலமாக இருந்தது. அது ஓயும்வரை பொறுமையாக இருந்துவிட்டு அருளம்பலத்தார் மெல்லச் சொன்னார்: “எதிரணித் தலைவர் தன்ரை கடையிலை நாலு கமரா பூட்டியிருக்கிறார். பால் வாங்க வாற கிழவியையும் அது படம் பிடிக்குது. அந்தக் கிழவியின்ரை சுதந்திரத்தை இவர் எந்தத் தட்டிலை வைச்சிருக்கிறார், பியருக்குப் பக்கத்திலையோ?”

போருக்கு எதிராகக் குளிரில் நடந்த அதே மண்டபம் பாதுகாப்புப் பக்கத்துக்கு முதற்பரிசைக் கொடுத்தது. பரிசு, ஒரு மின்சார அரிசிச் சட்டி.

திரும்பி வரும் வழியில் காரை ஓட்டிய இரவிச்சந்திரன், மற்ற எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். அருளம்பலத்தார் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது, 1984இல், ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அவரைப் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அதை அவர் மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

“அதை எப்பிடி அண்ணை மறந்தனீங்கள்?”

“ஆர் மறந்தது? அவங்கள் என்னட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை, இரவி. அடிச்சவங்கள், விட்டவங்கள். ஒரு கேள்வி ஒழுங்காய்க் கேட்டிருந்தால் நான் ஏன் இங்கை வாறன்? இங்கை உள்ளவன் சேர் எண்டு கூப்பிட்டுக் கேக்கிறான். மரியாதையாய்க் கேக்கிறவனுக்குப் பதில் சொல்லுறதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை.”

இரவிச்சந்திரன் அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் தை மாதம் அருளம்பலத்தாரின் தகப்பனார் ஊரில் தொண்ணூற்றொரு வயதில் காலமானார். யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், நடுவில் வம்சாவளி. வாழ்க்கை வரலாற்றை அருளம்பலத்தாரே எழுதினார். வம்சாவளியையும் அவரே வரைந்தார். நடுப்பக்கத்தில் மடித்து ஒட்டிய பெரிய தாள். மேலே தகப்பனும் தாயும், அவர்களிலிருந்து கோடுகள் இறங்கிப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என ஐம்பத்துமூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், பெயருக்குக் கீழே ஊர்: மொன்றியல், ஒஸ்லோ, பரிஸ், லண்டன், ஸ்கார்பரோ, நியூஜேர்சி. பெயர்கள் ஒரு பக்கம் இருக்க, ஊர்களைப் பார்த்துத்தான் வாசிப்பவர்கள் வியக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தாள்.

ஒரு கட்டம் மட்டும் சிக்கலாக இருந்தது. ஊரில் இருக்கும் மூத்த அக்கா நல்லம்மாவின் மகன் மிதுசன். இருபத்துநாலு வயது. விசா முடிந்து இரண்டு வருடமாக நியூஜேர்சியில் ஓர் உணவகத்தின் சமையலறையில் காகிதம் ஒன்றும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தான்.

“அவன்ரை ஊரைப் போடாமல் விடுங்கோ,” என்றார் சிவநேசம். “பேர் மட்டும் போதும்.”

அதை நல்லம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர், “எல்லாற்றை பிள்ளையளுக்கும் ஊர் இருக்கு, என்ரை பிள்ளைக்கு மட்டும் ஊர் இல்லையோ?” என்று கேட்டுவிட்டு அழுதார். நினைவு மலரில் ஒரு பெயருக்குக் குறை வைத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அருளம்பலத்தார் ‘நியூஜேர்சி’ என்று போட்டார். தமிழில் இருக்கும் புத்தகத்தை ஆர் வாசிக்கப்போகிறான் என்று சிவநேசத்தைச் சமாதானப்படுத்தினார்.

அந்த ஐப்பசி, தங்கை பாலாம்பிகையின் மகள் சாருஜாவுக்கு நியூஜேர்சியில் கலியாணம். பாலாம்பிகையின் கணவர் காலமாகி ஐந்து வருடம். தகப்பன் இல்லாத பெண்ணை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்துத் தாரை வார்க்க வேண்டியவர்கள் தாய்மாமன் அருளம்பலத்தாரும் சிவநேசமும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். “சின்னண்ணை, நீங்கள் வந்து நிக்காட்டில் எனக்கு அந்த மணவறையைப் பாக்கேலாது,” என்று பாலாம்பிகை மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அருளம்பலத்தார் வேட்டிக்குச் சரிகை பார்த்து வாங்கினார். முழங்கால் மடக்கி மணவறையில் இருக்கப் பயிற்சியும் செய்தார்.

சனி காலை ஆறு மணிக்கு இரவிச்சந்திரனின் வான் வண்டியில் புறப்பட்டார்கள். பின்னால் பயற்றம் உருண்டையும் முறுக்கும் நிறைந்த மூன்று தகரம். ஒரு பெட்டி நிறைய நினைவு மலர், நாற்பது பிரதி. ஒஸ்லோவிலிருந்தும் பரிசிலிருந்தும் கலியாணத்துக்கு வரும் உறவினருக்கு நேரிலேயே கொடுத்துவிடலாம், தபாற்செலவு மிச்சம்.

எல்லையில் ஏழரை. மூன்று பேரும் கனடியக் குடிகள். இரண்டு நிமிட வேலை. சாவடிக்குள் இருந்த இளம் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். கலியாணத்துக்கு என்றார்கள். பெட்டியில் என்ன என்று கேட்டான். புத்தகம் என்றார்கள். என்ன புத்தகம் என்று கேட்டதோடு அவனுடைய கேள்விகள் முடிந்திருக்கும். ஆனால் சுதந்திரப் பக்கத்தின் தலைவராகிய இரவிச்சந்திரன் சீருடையைக் கண்டதும் உருகிப் போனார். கேளாததற்கும் பதில் சொன்னார்.

“சேர், இவர் அமெரிக்காவுக்கு நல்ல ஆதரவு, சேர். உங்கடை போரைப் பற்றி எங்கடை ஆக்கள் விவாதம் வைச்சவை. இவர்தான் உங்கடை பக்கம் பேசினவர். முதற்பரிசு.”

அந்த அதிகாரி குனிந்து மூன்று பேரையும் ஒருதரம் பார்த்தான். “எந்த விவாதம்?” என்று கேட்டான்.

வானை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள்.

உள்ளே ஒரு வாங்கில் மூன்று பேரையும் இருத்தினார்கள். வயதான ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கியது. மெதுவான பேச்சு. அருளம்பலத்தாரை மேசைக்கு அழைத்து, சேர் என்று சொல்லி, கதிரையை இழுத்துக் கொடுத்தார். விவாதத்தைப் பற்றிக் கேட்டார். அருளம்பலத்தார் பிஸ்கற் கதையைச் சொன்னார். அதிகாரி நன்றாகச் சிரித்தார். இது சுலபமாக முடியப்போகிறது என்று தோன்றியது.

பிறகு அவர் ஒரு நினைவு மலரை எடுத்து நடுத்தாளை விரித்தார். ஐம்பத்துமூன்று கட்டங்கள். கோடுகள். ஓர் இயக்கத்தின் தலைமையிலிருந்து கிளைகள் பிரிவதுபோல.

“இது என்ன?”

“எங்கள் குடும்பம்.”

“அழகாக வரைந்திருக்கிறீர்கள். என் மனைவியும் இப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறாள், அவளுக்குப் பதினான்கு பேருக்கு மேல் கிடைக்கவில்லை. எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா?”

பதினெட்டு மாதத்துக்கு முன்பு, கேள்வி கேட்கும் அரசு எவ்வளவு மேலானது என்று சொல்லிப் பரிசு வாங்கிய மனிதருக்கு இதைவிட நல்ல அதிகாரி கிடைத்திருக்க முடியாது. அருளம்பலத்தார் மேலிருந்து தொடங்கினார். பெயர், உறவு, ஊர், தொழில். அவருக்கு உற்சாகம் கூட வந்தது. ஒஸ்லோத் தம்பியின் மூன்று மாடி வீட்டைப் பற்றி, பரிஸ் மச்சானின் நெஞ்சு வருத்தத்தைப் பற்றியெல்லாம் சொன்னார். அதிகாரி சிலவற்றைக் குறித்துக்கொண்டார். நல்லம்மாவின் கிளைக்கு வந்தபோது அருளம்பலத்தாரின் விரல் ஒரு கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. குரல் மாறவில்லை. நல்ல பேச்சாளன் ஒரு பக்கத்தைத் தவறவிட்டாலும் சபைக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் அதிகாரி தன் தாளைப் பார்த்தார். “ஐம்பத்திரண்டு பேர். கட்டங்கள் ஐம்பத்துமூன்று.”

“நிறையப் பேர், விட்டுப் போயிருக்கலாம்.”

“இதுதான்,” என்று அவர் பென்சிலால் தொட்டார். “கீழே இருக்கிற இந்தச் சொல், உங்கள் தங்கையின் பெயருக்குக் கீழேயும் இருக்கிறது. அவர் மகளின் பெயருக்குக் கீழேயும் இருக்கிறது. அது நியூஜேர்சி என்று சொன்னீர்கள். அப்படியென்றால் இவரும் அங்கேதான். யார் இவர்?”

ஒரு மணி நேரத்தில் அந்த மனிதர் ஒரு தமிழ்ச் சொல்லை வாசிக்கப் பழகியிருந்தார். வேறு சந்தர்ப்பமாக இருந்தால் அருளம்பலத்தார் மகிழ்ந்து போயிருப்பார். எத்தனை வருடமாகத் தமிழ்ச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தும் நடக்காத காரியம்.

இறந்துபோனான் என்று சொல்லலாம். ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று சொல்லலாம். எந்தப் பக்கமும் பேசக்கூடிய வாய். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் பொறுமையாக, மரியாதையாகக் காத்திருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

“சேர், என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்,” என்றார் அருளம்பலத்தார். “இவரைப் பற்றி இவரிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.”

வாங்கில் இருந்த இரவிச்சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வாதம், சொல்லுக்குச் சொல், எதிரணியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதிகாரி பெருமூச்சு விட்டார். தாளை எடுத்துக்கொண்டு வாங்குக்குப் போனார். இரவிச்சந்திரனிடம் அந்தக் கட்டத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, சேர்,” என்றார் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர்.

சிவநேசத்திடம் காட்டினார். “நோ இங்கிலீஷ்,” என்றார் சிவநேசம். பத்து வருடமாக லாசாலில் அயலவர்களுக்கெல்லாம் வைத்தியசாலையில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

தெரியாது என்றவர்கள் இருவரும் போகலாம். தெரியும், சொல்ல மாட்டேன் என்றவர் போகமுடியாது. வயதான அதிகாரி அதை வருத்தத்தோடுதான் சொன்னார். கேட்கும்போது ஒத்துழைக்காதவரை உள்ளே விட அவருக்கு அதிகாரம் இல்லையாம். நாளை காலைக் கலியாணம் என்பது தனக்கு விளங்குகிறதாம். மனதை மாற்றிக்கொள்ள அரைமணி நேரம் தருகிறாராம்.

அந்த அரைமணி நேரம் மூன்று பேரும் வாங்கில் இருந்தார்கள்.

“பொய் சொல்லியிருக்கலாமே அண்ணை,” என்றார் இரவிச்சந்திரன் மெல்ல.

“அந்தாள் மரியாதையாய்க் கேட்டது.”

“அப்ப உண்மையைச் சொல்லியிருக்கலாம்.”

“விசர்க் கதை கதையாதையும்.”

“நான்தான் வாயைக் குடுத்துக் கெடுத்தனான்.”

“நீர் என்னைப் புகழ்ந்தனீர். இத்தனை வருசத்திலை முதல்தரம். அதுக்கு ஒரு செலவு வரத்தானே செய்யும்.”

சிவநேசம் கைப்பையைத் திறந்து புளிச்சாதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கணவனின் மடியில் வைத்தார்.

“இஞ்சாருங்கோ, நான் போறன். ஆரெண்டாலும் ஒருத்தர் போகோணும். மூண்டு தகரம் பலகாரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்கள் செய்தது சரி. ஆனால் அங்கை போய் நான் அதைச் சொல்லேலாது. ஒருத்தருக்கும் சொல்லேலாது. பெடியன்ரை காதிலை விழுந்தால் அவன் நாளைக்கே வேலையையும் விட்டிட்டு எங்கையோ ஓடிப்போடுவான்.”

“அப்ப என்னெண்டு சொல்லப்போறீர்?”

“உங்கடை வாய்க்கொழுப்பு எண்டு சொல்லுறன். எல்லாரும் நம்புவினம்.”

கனடாப் பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி, எவ்வளவு காலம் நாட்டுக்கு வெளியே இருந்தீர்கள் என்று வழமைப்படி கேட்டாள். இரண்டே முக்கால் மணித்தியாலம் என்றார் அருளம்பலத்தார். கொண்டுவருவது என்ன என்று கேட்டாள். “என் அப்பா,” என்று சொல்லி, இனி அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்த மலர்ப் பெட்டியைக் காட்டினார். நாற்பதில் ஒன்று குறைந்தது. அதை வயதான அதிகாரி வைத்துக்கொண்டார். தொழிற்சாலைக் கூட்டாளி ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அருளம்பலத்தார் புதிய வேட்டியைக் கட்டிக்கொண்டு லாசால் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். பத்தேகாலுக்கு அது அடித்தது. பின்னால் நாதசுரமும் சனச் சத்தமும் கேட்டன. பாலாம்பிகை.

“தாலி கட்டியாச்சு,” என்றார். “ஒஸ்லோத் தம்பியும் பெண்சாதியும்தான் தாரை வாத்தவை. அவனுக்கு மந்திரம் ஒண்டும் வாயிலை வரேல்லை. சின்னண்ணை, ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களுக்கு வாயை அடக்க ஏலாமல் போச்சோ? அங்கை போயும் விவாதமோ? இவர் இருந்திருந்தால்...”

அவர் முடிக்கவில்லை. அருளம்பலத்தார், “பிழைதான் தங்கச்சி,” என்றார். “பிள்ளை வடிவாய் இருக்கிறாளோ?”

“வடிவாய் இருக்கிறாள். உங்களைத்தான் தேடினவள்,” என்று பாலாம்பிகை தொலைபேசியை யாரிடமோ கொடுத்தார்.

“மாமா, நான் மிதுசன்,” என்றது ஒரு குரல், சிரிப்பும் இரைப்புமாக. “பந்திக்கு நான்தான் பொறுப்பு. ஐந்நூறு பேர். இரவி மாமா சொன்னவர், அவங்களோடை ஏதோ சட்டம் கதைச்சு மாட்டுப்பட்டனீங்களாம். என்ன மாமா நீங்கள்? அவங்கள் கேட்டதைச் சொல்லிப்போட்டு வாறதுதானே. எங்களிலை ஒளிக்க என்ன கிடக்கு?”

அருளம்பலத்தாருக்கு உடனே மூன்று பதில்கள் தோன்றின. மூன்றும் நல்ல பதில்கள். மேடையென்றால் மூன்றுக்கும் கை தட்டியிருப்பார்கள். அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“அடுப்படியிலை நிண்டு வேலை செய்யிறவன் நீ, முதல் நீ சாப்பிட்டியோ?” என்று கேட்டார்.

“இல்லை மாமா, எல்லாரும் முடியட்டும்.”

“இப்ப போய்ச் சாப்பிடு,” என்றார். “சொல்லுறதைக் கேள்.”

அவன் சிரித்துக்கொண்டு, “நீங்கள் மட்டும் ஆற்றை சொல்லையும் கேக்கமாட்டியள்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.